ஸ்டார் ஓஷன் ஃபர்ஸ்ட் டிபார்ச்சர், பிஎஸ்பி 3000: டிஸ்க் நடுவில் நிற்கிறது, திறன் புள்ளியை எதில் போடுவது?

காட்பாடி_பிளாட்பாரம்:

அண்ணன்மாருக்கு வணக்கம். செகண்ட் ஹேண்டில் வாங்கிய பிஎஸ்பி 3000 (சோனியின் கையடக்க விளையாட்டுக் கருவி), கூடவே ஸ்டார் ஓஷன் ஃபர்ஸ்ட் டிபார்ச்சர் விளையாட்டின் யுஎம்டி (அந்தக் கருவிக்கான சின்ன டிஸ்க்). டிஸ்க்கின் எண் யுஎல்யுஎஸ் என்று தொடங்குகிறது.

சண்டை தொடங்கும் இடத்தில் இசை நின்று, உள்ளே கிர்ர் கிர்ர் என்று இரண்டு மூன்று தடவை சத்தம் வருகிறது. சில நேரம் மீண்டுவிடும், சில நேரம் டிஸ்க்கைப் படிக்க முடியவில்லை என்று வெளியே தள்ளிவிடும். விடியற்காலையில் வருவதில்லை. மத்தியானம் 20, 30 நிமிடத்தில் கட்டாயம் வருகிறது. பேட்டரியின் மேல் 3600 எம்ஏஎச் என்று அச்சிட்டிருக்கிறது. ஆனால் இரண்டு கோடு இருக்கும்போதே அணைந்துவிடுகிறது, அடுத்த தடவை போடும்போது தேதி, நேரம் எல்லாம் அழிந்திருக்கிறது.

விளையாட்டில் 300 வருடம் பின்னால் போயாயிற்று. இப்போது என் கூட்டத்தில் ரோடிக், இலியா இரண்டு பேர்தான். திறன் புள்ளியில் ஒன்றுகூடச் செலவழிக்கவில்லை. எதில் போட்டால் பின்னால் வருத்தப்படாமல் இருக்கலாம்? இல்லை, இதை விட்டுவிட்டு, இதே விளையாட்டின் புதிய ஆர் பதிப்புக்கே போய்விடலாமா?

குடியாத்தம்_தறி:

தம்பி, காலையில் ஓடி மத்தியானம் நிற்கிறது என்றால் டிஸ்க் கீறல் முதல் சந்தேகம் இல்லை. கீறல் இருந்தால் எந்த நேரத்திலும் அதே இடத்தில்தான் நிற்கும். முதலில் வேறொரு யுஎம்டியைப் போட்டு மத்தியானம் அரைமணி நேரம் ஓட விடுங்கள். அதுவும் நின்றால் கோளாறு கருவியில். அது ஓடி இது மட்டும் நின்றால் டிஸ்க்கையும் அதன் பிளாஸ்டிக் கூட்டையும் பாருங்கள்.

யுஎம்டி கூடு இரண்டு பாதி ஒட்டிய பிளாஸ்டிக். பழசானால் ஓரம் விட்டுப்போகும். விளிம்பை நகத்தால் மெல்ல அழுத்திப் பாருங்கள், வாய் பிளந்தால் உள்ளே டிஸ்க் உரசுகிறது. ஃபெவிக்விக் போடலாம், ஆனால் குண்டூசி முனையில் தொட்டு மூலைக்கு ஒரு புள்ளி போதும். தாராளமாகப் போட்டால் அதன் ஆவியே டிஸ்க்கில் வெள்ளைப் பூவாகப் படிந்து, நல்ல டிஸ்க்கையும் கெடுத்துவிடும். ஒட்டியதும் மின்விசிறிக்குக் கீழே ஒரு மணி நேரம் ஆறவிட்ட பிறகே உள்ளே போடுங்கள்.

யுஎம்டிக்கு மூடித் தகடு கிடையாது, பின்பக்க ஜன்னல் எப்போதும் திறந்தே இருக்கும். விரல் எண்ணெயும் தூசியும் நேராக டிஸ்க்கில் விழும். நடுவிலிருந்து வெளிப்பக்கமாகத் துடைக்க வேண்டும், வட்டமாகத் தேய்க்கக் கூடாது.

லென்ஸ் துடைக்க: பேட்டரியையும் மெமரி ஸ்டிக்கையும் எடுத்துவிட்டுக் கதவைத் திறந்தால் சின்ன நீலக் கண் தெரியும். 99 சதவீத ஐபிஏ (ஐசோபுரொப்பைல் ஆல்கஹால்), மொபைல் சர்வீஸ் கடையில் எல்லாம் வைத்திருப்பார்கள். பட்ஸில் இரண்டு சொட்டு விட்டு, ஈரம் வடியாதபடி உதறி, லென்ஸின் மேல் பட்டும் படாமல் இரண்டு சுற்று. அழுத்தவே கூடாது. லென்ஸ் முடி போன்ற கம்பியில் தொங்குகிறது, அது வளைந்தால் ஃபோகஸ் போய்விடும். பத்து நிமிடம் காயவிட்டு மூடுங்கள். சானிடைசர் வேண்டாம், அதிலுள்ள கிளிசரின் படலமாகப் படியும். தின்னர் பிளாஸ்டிக் லென்ஸையே உருக்கிவிடும்.

அதற்கும் அடங்கவில்லை என்றால் லென்ஸ் ஓடும் கம்பித் தண்டில் பழைய கிரீஸ் இறுகியிருக்கும். பழையதைத் துடைத்துவிட்டு, பிளாஸ்டிக்கைத் தின்னாத வெள்ளை கிரீஸ் எள்ளளவு வையுங்கள். எள்ளளவு என்றால் எள்ளளவுதான். தேங்காயெண்ணெய், தையல் மெஷின் எண்ணெய் இரண்டும் கூடவே கூடாது. சூட்டில் பரவி லென்ஸ் மேலேயே போய் உட்காரும்.

ஆற்காடு_மக்கன்பேடா:

மேலே சொன்னது எல்லாம் சரி, ஆனால் வரிசை மாற வேண்டும். லென்ஸைத் தொடுவதற்கு முன்னால் பேட்டரியைக் கழற்றி வைத்துவிட்டு, சார்ஜரில் மட்டும் ஓட்டிப் பாருங்கள். பிஎஸ்பி பேட்டரி இல்லாமலே சார்ஜரில் ஓடும். மத்தியான நேரத்திலேயே இந்தச் சோதனையைச் செய்யுங்கள். அப்போது நிற்காமல் ஓடினால் குற்றவாளி லென்ஸ் இல்லை.

காரணம் இது. சண்டைக்குள் நுழையும்போது புதிய இசை, எதிரிப் படங்கள் எல்லாம் டிஸ்க்கிலிருந்து வர வேண்டும். தூங்கிக்கொண்டிருந்த மோட்டார் அப்போது திடீரென்று சுழலும், மின்னோட்டம் சட்டென்று ஏறும். நைந்த பேட்டரியால் அந்த இழுப்பைத் தாங்க முடியாது, வோல்டேஜ் படுத்துவிடும், மோட்டார் வேகம் பிடிக்காது. நீங்கள் கேட்கும் கிர்ர் அது திரும்பத் திரும்ப முயல்வது. இரண்டு கோடு இருக்கும்போதே அணைவதும், நேரம் அழிவதும் இதே இடத்தைத்தான் காட்டுகின்றன. தேதியைத் தாங்கிப் பிடிப்பது பேட்டரிதான். அது ஒட்டக் காலியானால் கடிகாரம் நினைவிழக்கும்.

3600 என்று அச்சிட்டதை நம்பாதீர்கள். 2000, 3000 மாடல்களுக்கு வந்த அசல் பேட்டரி பிஎஸ்பி எஸ்110, அதில் 3.6 வோல்ட், 1200 எம்ஏஎச். பழைய 1000 மாடலின் தடித்த பேட்டரியே 1800தான். அதைவிட மெல்லிய கூட்டில் இரண்டு பங்கு அடங்க வழியே இல்லை. 1800-ஐ வாங்கி 3000-இல் திணிக்கவும் முயலாதீர்கள், பின்மூடி மூடாது. வாங்கும்போது 1200 என்று நேர்மையாகப் போட்டதைத் தேடுங்கள். லாங் பஜார் பக்கம் கிடைக்கவில்லை என்றால், காட்பாடியில் ரயிலேறி சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் கேட்டுப் பாருங்கள். கையோடு பழைய பேட்டரியையும் கொண்டுபோய், இரண்டையும் மேசைமேல் வைத்துச் சுழற்றுங்கள். தட்டாமாலை சுற்றினால் அது வீங்கியது. வீங்கியதைக் குத்தவோ அழுத்தவோ கூடாது, மணல் போட்ட தகர டப்பாவில் வைத்து மின்கழிவு எடுப்பவர்களிடம் கொடுத்துவிடுங்கள்.

சார்ஜர் 5 வோல்ட், முனை வெளியே 4.0, உள்ளே 1.7 மில்லிமீட்டர். 9 வோல்ட் சார்ஜரிலும் இதே போன்ற முனை வரும், எண்ணைப் படிக்காமல் செருகாதீர்கள்.

இன்னொன்று நம் ஊருக்கே உரியது. இந்தக் கருவிக்குக் குறித்திருக்கும் சூடு 5 முதல் 35 டிகிரி வரை. கத்திரி வெயிலில் வேலூரில் வெளியே 40-ஐத் தாண்டும்போது, மொட்டைமாடிக்கு நேர் கீழே உள்ள அறை மத்தியானம் 35-இல் நிற்காது. சார்ஜ் ஏற்றிக்கொண்டே அந்த நேரத்தில் விளையாடுவதுதான் பேட்டரியைக் கொல்லும். ஏற்றுவது இரவில், விளையாடுவது தனியாக. வண்டி டேங்க் கவரில் வைத்துவிட்டுக் கடைக்குள் போகாதீர்கள். பல நாள் தொடப் போவதில்லை என்றால் பாதி சார்ஜில் கழற்றி வையுங்கள்.

அகழி_முதலை:

மெஷின் விஷயம் அவங்க பார்த்துட்டாங்க. நான் புள்ளி விஷயத்துக்கு வர்றேன் தம்பி.

நீ இதுவரைக்கும் செலவழிக்காம வெச்சிகினு இருக்கறது நல்லதாப் போச்சு. திறன் பட்டியல்ல ஒண்ணு, மத்த திறனுக்கு ஆகற புள்ளியைக் குறைக்கும். பேரைப் பார்க்காத, ஒவ்வொண்ணுக்கும் கீழ இருக்கற விளக்கத்தைப் படி. அதைத்தான் மொதல்ல 10-ஆம் படி வரைக்கும் ஏத்தணும். பின்னால ஏத்தினா, அதுவரைக்கும் கொடுத்த புள்ளி திரும்பி வராது. அதனாலதான் வரிசை முக்கியம். ஒருத்தருக்குப் போட்டா அவருக்குத்தான் பலன், அதனால ரோடிக், இலியா ரெண்டு பேருக்கும் தனித்தனியா போடு. பட்டியல்ல அது இல்லன்னா இன்னும் வாங்கலன்னு அர்த்தம். திறன் விக்கற கடைக்குப் போயி தொகுப்பா வாங்கணும், சும்மா லெவல் ஏறினா வராது.

அடுத்தது லெவல் ஏற ஆகற அனுபவத்தைக் குறைக்கற திறன். அதையும் சீக்கிரமே ஏத்து, ஒவ்வொரு சண்டைக்கும் லாபம் சேர்ந்துகினே வரும்.

அதுக்கப்புறம் மூலிகை, கனிமம், கருவி பத்தின மூணு அறிவு. மூணும் சேர்ந்தா அடையாளம் காணற வித்தை திறக்கும். கேள்விக்குறியோட பையில கிடக்கற பொருளை மூக்குக்கண்ணாடி செலவழிச்சு இன்னதுன்னு கண்டுபிடிக்கலாம். ஒரே ஆளுக்கு இது போதும், நாலு பேருக்கும் போட்டு வீணாக்காத.

யாருக்குப் போடணும்ங்கறது இன்னும் முக்கியம். ரோடிக், மில்லி, ரோனிக்ஸ், இலியா நாலு பேரும் கதையோட நிரந்தர ஆளுங்க. மொத்தம் எட்டு பேர்தான் சேரலாம், மிச்சம் நாலு இடத்துக்கு ஒன்பது பேர் இருக்காங்க. ஒருத்தரைச் சேர்த்தா இன்னொருத்தர் வழி அடைபடற இடமும் கீது. அதனால பொதுவான வித்தை எல்லாம் இந்த நாலு பேர் மேலயே இருக்கட்டும். திரும்ப முதல்லேருந்து ஆடற எண்ணம் இருந்தா இதையும் கேட்டுக்கோ: ஆரம்பத்துல கூட வர்ற டோர்ன் சீக்கிரமே போயிடுவான், அவன் மேல புள்ளி போடாத, போட்ட கவசத்தையும் முன்னாடியே கழட்டிடு.

இப்போதைக்கு மில்லி உன்னோட இல்ல, மந்திரத்துல காயம் ஆத்த ஆள் இல்ல. புளூபெர்ரிதான் துணை. ஒரு பொருள் 20-க்கு மேல பையில ஏறாது, அந்த 20 எப்பவும் நிறைஞ்சிருக்கணும். கூட, சமையல் திறன் யாருக்காவது கொஞ்சம் போடு. கடைப் பொருளை அப்படியே திங்கறதைவிடச் சமைச்சதுல பலன் அதிகம். சமைக்கறதோ, உலோகம் மாத்தறதோ, எதைச் செய்யறதுக்கு முன்னாடியும் சேவ் பண்ணிகினு செய். தோத்தா பொருள் போச்சு. பிறவித் திறமை இல்லாதவனுக்கும் செஞ்சுகினே இருந்தா திடீர்னு திறமை விழிக்கும், அது விழிச்ச உடனே மறுபடி சேவ்.

ஊருக்குள்ள நேரா நுழையாத. வாசல்ல நின்னு ஸ்கொயர் அழுத்தினா கூட்டம் பிரிஞ்சு ஆளாளுக்கு ஒரு பக்கம் போவாங்க. பிரைவேட் ஆக்‌ஷன்னு சொல்றது அதுதான். யாருக்கு யார் மேல பிரியம்ங்கறது அங்கதான் ஏறும், கடைசிக் காட்சியும் அதை வெச்சுதான் மாறும். கதை ஒவ்வொரு தடவை நகர்ந்ததும் பழைய ஊருக்கும் ஒரு நடை போய்ட்டு வா.

வாலாஜா_ரோடு:

ஆர் பதிப்பு பற்றிக் கேட்டதற்கு.

மூலம் 1996 ஜூலை 19 அன்று நின்டெண்டோவின் சூப்பர் ஃபாமிகாம் கருவியில் வந்தது. டிரை ஏஸ் செய்து, எனிக்ஸ் வெளியிட்டது. 48 மெகாபிட் கார்ட்ரிட்ஜ், அதாவது 6 மெகாபைட். அதற்குள் குரலும் படமும் அடங்க சுருக்கிய தரவை விரிக்கும் எஸ்டிடி1 என்ற சில்லையே கார்ட்ரிட்ஜில் வைத்தார்கள். ஜப்பானுக்கு வெளியே அது அதிகாரபூர்வமாக வரவே இல்லை. நீங்கள் வைத்திருக்கும் பிஎஸ்பி மறுஆக்கம்தான், 2008-இல், ஆங்கிலத்தில் முதன்முதலாகக் கிடைத்த வடிவம். ஜப்பானில் அது 2007 டிசம்பர் 27 அன்றே வந்துவிட்டது. இரண்டாம் பாகத்தின் கேம் எஞ்சினில் முதல் பாகத்தின் கதையை ஏற்றிக் கட்டினார்கள். பிரைவேட் ஆக்‌ஷனும் திறன் மரமும் இவ்வளவு விரிவாக இருப்பது அதனால்தான். வெல்ச், எரிஸ் என்ற ஆட்கள் இருவரும் இந்த மறுஆக்கத்தில்தான் கூட்டத்தில் சேரக்கூடியவர்களாக வந்தார்கள். புரொடக்‌ஷன் ஐஜி ஸ்டூடியோ வரைந்த அனிமேஷன் காட்சிகளும் அப்படியே.

ஆர் என்பது 2019 டிசம்பர் 5 அன்று ஸ்விட்ச், பிஎஸ்4 இரண்டுக்கும் வந்த இதே மறுஆக்கத்தின் மெருகு. முகப்படங்கள் புதிதாக வரைந்தவை, ஜப்பானியக் குரல்கள் புதிதாகப் பதிந்தவை, நடை வேகம் கூடியிருக்கிறது. கதை, திறன்கள், ஆட்கள் எல்லாம் ஒன்றே. ஸ்விட்ச் ஏற்கெனவே வீட்டில் இருந்தால் வாங்குங்கள், டிஸ்க் சுழலும் தொல்லையே கிடையாது. இல்லாவிட்டால் இதற்காக ஒரு ஸ்விட்ச் வாங்குவது நியாயமான செலவு இல்லை. நல்ல பேட்டரி ஒன்றே போதும். என் கண்ணுக்கு, 480க்கு 272 திரையில் இந்தச் சிற்றுருவங்கள் பெரிய டிவியில் தெரிவதைவிட அழகு. இதில் போட்ட சேவ் அங்கே செல்லாது, அதையும் கணக்கில் வையுங்கள்.

இன்னொரு யுஎம்டி வாங்கினால் எண்ணைப் பாருங்கள். விளையாட்டுகளுக்குப் பிரதேசப் பூட்டு இல்லை, எந்த நாட்டு டிஸ்க்கும் ஓடும். ஆனால் யுஎல்ஜேஎம் என்றால் ஜப்பானிய எழுத்து மட்டுமே, யுஎல்இஎஸ் என்றால் ஐரோப்பா. எண் மாறினால் சேவும் ஒட்டாது.

காட்பாடி_பிளாட்பாரம்:

பேட்டரியைக் கழற்றிவிட்டுச் சார்ஜரில் மத்தியானம் 2 முதல் 4 வரை ஓட்டினேன். ஒரு தடவைகூட நிற்கவில்லை. மேசையில் வைத்துச் சுழற்றினால் பேட்டரி நன்றாகவே சுற்றுகிறது. புள்ளியை அகழி அண்ணன் சொன்ன வரிசையில் போடுகிறேன். புதுப் பேட்டரி வரும்வரை சார்ஜரில் மட்டுமே விளையாடினால் ஆபத்து ஏதாவது உண்டா?

ஆற்காடு_மக்கன்பேடா:

கருவிக்கு ஆபத்து இல்லை, சேவுக்குத்தான் ஆபத்து. பேட்டரி இல்லாதபோது கரண்ட் போனாலோ, வயர் இழுபட்டாலோ அந்த நொடியே அணைந்துவிடும். ஸ்லீப்பில் வைத்தாலும் அதே கதைதான். மெமரி ஸ்டிக் விளக்கு மினுக்கும்போது போனால் அந்த சேவ் கெட்டுப்போகும். அதனால் ஒரே சேவின் மேல் எழுதாமல் மூன்று இடத்தில் மாற்றி மாற்றி எழுதுங்கள். வாரத்துக்கு ஒருமுறை யுஎஸ்பி வயரில் கணினியோடு இணைத்து, பிஎஸ்பி ஃபோல்டருக்குள் இருக்கும் சேவ்டேட்டா முழுவதையும் நகலெடுத்து வையுங்கள். மைக்ரோ எஸ்டி அடாப்டர் போட்டிருந்தால் அதை இடையில் கழற்றாதீர்கள், கார்டை ஃபார்மேட் செய்வதும் பிஎஸ்பியின் செட்டிங்ஸிலிருந்தே இருக்கட்டும். வீங்கிய பேட்டரியை இன்றைக்கே டப்பாவுக்கு மாற்றிவிடுங்கள், கருவியின் பக்கத்திலோ மெத்தை மேலோ வைக்க வேண்டாம்.