ஜெய்சல்மேர்: கையில் 2,400 ரூபாய், சம் மணல்மேட்டுக்கு வழி தெரியவில்லை

நேற்றுக் காலை தனியாக ஜெய்சல்மேர் வந்தேன். மலிவாக அறை கொடுத்தவர், ஒட்டகச் சவாரிக்கு வரவில்லை என்றதும் இன்று காலி செய்யச் சொல்லிவிட்டார். சரி, வேறு அறை கிடைத்துவிட்டது.

கோட்டைக்குள் நடக்கக் கட்டணமில்லை, அரண்மனை அருங்காட்சியகத்துக்குத்தான் சீட்டு. 1156-இல் எழுந்த கோட்டையில் இன்னும் துணி காய்கிறது! கடிசர் ஏரிக் கெளுத்திகள் ரொட்டித் துண்டுக்கு வாயைப் பிளந்து மொய்ப்பதையும் பார்த்தாயிற்று.

சிக்கல் சம் மணல்மேடுதான். சுமார் 40 கிலோமீட்டர். தனி ஜீப்புக்கு 1,800 கேட்கிறார்கள். பங்கு சேர மூன்று விடுதிகளில் விசாரித்தேன், ஆளில்லை. பேருந்துக்கு ஆளுக்கொரு நேரம் சொல்கிறார்கள். ஸ்கூட்டர் எடுக்க உரிமம் கொண்டுவரவில்லை, என் தப்பு.

நாளை இரவு ஜோத்பூர் ரயில். அதற்குள் 600 ரூபாயில் சம் போய், அஸ்தமனம் பார்த்துத் திரும்ப என்ன வழி?