நசுக்க முடியாத வலி மாத்திரையை மெடிக்கல் எய்ட் (தென்னாப்பிரிக்க மருத்துவக் காப்பீடு) தருமா?

சாட்ஸ்வொர்த் மகள்: அம்மாவுக்குப் புற்றுநோய். மார்ஃபின் குடித்தால் வாந்திதான். டாக்டர் ஆக்ஸிகோடோன் என்ற வேறு வலி மருந்து எழுதினார், அது எங்கள் மருந்துப் பட்டியலில் இல்லை, கூடுதல் பணத்தை நீங்களே கட்டுங்கள் என்கிறார்கள் மெடிக்கல் எய்ட்காரர்கள். வீட்டில் போதைப் பழக்கமுள்ள தம்பியும் இருக்கிறான், அதனால் போதைக்காகப் பொடியாக்காதபடி நசுக்க முடியாத வகையைக் கேட்க எனக்கு உரிமை உண்டா?

டர்பன் வாசு: அக்கா, அமெரிக்காவில் 2010இல் ஆக்ஸிகான்டினை (ஆக்ஸிகோடோன் மாத்திரையின் ஒரு பிராண்ட்) அப்படி நசுக்கக் கடினமாக மாற்றினார்கள், மாசசூசெட்ஸில் 2014 சட்டப்படி காப்பீட்டுக்காரர் அதைச் சாதாரண மாத்திரையைவிடக் குறைவாக நடத்தக் கூடாது. இங்கே அப்படிச் சட்டம் இல்லை. ஆனால் பட்டியல் மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்றால், கட்டாயக் குறைந்தபட்சப் பலன்களில் (எல்லா ஸ்கீமும் சட்டப்படி தர வேண்டிய சிகிச்சைகள், PMB) வரும் நோய்க்கு, உங்களிடம் கூடுதல் பணம் என்ற அபராதமில்லாமல் மாற்று மருந்து தர வேண்டும். வாந்தியை டாக்டர் கடிதத்தில் எழுதட்டும், அதுதான் உங்கள் பலம்.

பார்மசி மல்லிகா: மறுத்தால் மெடிக்கல் எய்ட்களைக் கண்காணிக்கும் மெடிக்கல் ஸ்கீம்ஸ் கவுன்சிலில் புகார் கொடுங்கள், கட்டணம் இல்லை, ஸ்கீம் 30 நாளில் பதில் சொல்ல வேண்டும். ஆக்ஸிகோடோன் ஷெட்யூல் 6 மருந்து (கடுமையான கட்டுப்பாடுள்ள வகை), ரிப்பீட் கிடையாது, ஒவ்வொரு முறையும் புதுச் சீட்டு வேண்டும். அப்புறம் தம்பி விஷயம்: நசுக்க முடியாததையும் முழுசாக அளவுக்கு மீறி விழுங்கிவிடும் ஆபத்து உண்டு. எந்த வகையானாலும் பூட்டி வையுங்கள் அம்மா, தயவுசெய்து.