பெயர்ப்பட்டையை அப்ஸ்ட்ரீம் கீயில் போடுவதா, டவுன்ஸ்ட்ரீம் கீயில் (டிஎஸ்கே) போடுவதா?

திருவாரூர்_லைவ்:
வணக்கம். கல்யாணம், அரங்கேற்றம், கோயில் விழா எல்லாவற்றுக்கும் நேரலை செய்கிறேன். இதுவரை கேமராக்களை மாற்றிக் காட்டும் சாதாரண எச்டிஎம்ஐ ஸ்விட்சரில் கட் (சட்டென்று மாற்றுவது) மட்டும் அடித்து வந்தேன். இப்போது ஏடெம் மினி என்ற ஸ்விட்சர் வாங்கியிருக்கிறேன். கணினியில் அதன் மென்பொருளைத் திறந்தால் அப்ஸ்ட்ரீம், டவுன்ஸ்ட்ரீம், லூமா, லீனியர், ஃபில், டை, டிவிஇ என்று வரிசையாக வருகிறது. ஒவ்வொன்றுக்கும் அர்த்தம் தேடிப் படித்தும் எது எதற்கு என்று பிடிபடவில்லை.

மணமக்கள் பெயர்ப்பட்டையை அப்ஸ்ட்ரீம் கீயில் லூமாவாகப் போட்டேன். சில முறை கேமரா மாற்றும்போது பட்டையும் சேர்ந்து கரைந்துவிடுகிறது, சில முறை அப்படியே நிற்கிறது. எழுத்தைச் சுற்றிக் கொடுத்த கருப்பு நிழலும் காணவில்லை, அந்த இடத்தில் கேமரா படம் தெரிகிறது. அடுத்து வரும் வரவேற்பில் பச்சைத் திரை வேண்டும் என்கிறார்கள். மணப்பெண்ணின் பட்டு மயில் கழுத்து நிறம். என்ன செய்யலாம்?

மதுரை_ஸ்ட்ரீம்:
பட்டையை டிஎஸ்கே-க்கு மாற்றுங்கள் ப்ரோ. லூமாவுக்குப் பதில் ஆல்ஃபா (எங்கே தெரிய வேண்டும் என்ற தகவல்) உள்ள பிஎன்ஜி படம். முடிந்தது.

கேலரி_அக்கா:
மதுரைத் தம்பி சொன்ன வழி சரிதான். ஆனால் காரணம் தெரியாமல் மாற்றினால் அடுத்த விழாவில் வேறொரு இடத்தில் மாட்டிக்கொள்வீர்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். செய்திச் சேனலின் கட்டுப்பாட்டு அறையான கேலரியில், விஷன் மிக்ஸர் என்ற பெரிய ஸ்விட்சரில் உட்கார்ந்து வளர்ந்தவள் நான். புதிதாக வருகிறவர்களுக்கு முதலில் பெயர்களைச் சொல்லித் தர மாட்டேன். படம் எந்த வரிசையில் அடுக்கப்படுகிறது என்பதைத்தான் சொல்லித் தருவேன்.

அடியில் இருப்பது பேக்ரவுண்ட். ப்ரோக்ராமில் சிவப்பாக எரியும் கேமராதான் மக்கள் பார்ப்பது, ப்ரிவியூவில் பச்சையாக எரிவது அடுத்து வரப்போவது. கட், ஆட்டோ, டி-பார் எல்லாம் இந்த இரண்டையும் இடம் மாற்றும் வேலையைத்தான் செய்கின்றன, அந்த மாற்றம்தான் ட்ரான்ஸிஷன். கீ என்பது ஒரு படத்தின் மேல் இன்னொன்றை ஒட்டுவது. பேக்ரவுண்டுக்கு மேல் அப்ஸ்ட்ரீம் கீ உட்காரும். அது ட்ரான்ஸிஷனுக்கு உட்பட்டது. அதற்கும் மேலே, ட்ரான்ஸிஷன் எல்லாம் முடிந்த பிறகு ஒட்டப்படுவது டவுன்ஸ்ட்ரீம் கீ, அதாவது டிஎஸ்கே. எல்லாவற்றுக்கும் கடைசியில் ஃபேட் டு பிளாக். அது டிஎஸ்கே-யையும் சேர்த்தே இருட்டாக்கும்.

இனி உங்கள் பட்டை. நெக்ஸ்ட் ட்ரான்ஸிஷன் என்ற கட்டத்தில் பிகேஜிடி (பேக்ரவுண்ட்), கீ 1 (அப்ஸ்ட்ரீம் கீ) என்று இரண்டு பட்டன் இருக்கும். பிகேஜிடி மட்டும் எரிந்தால் கேமரா மட்டும் மாறும், பட்டை நிற்கும். கீ 1-ம் சேர்ந்து எரிந்தால் அந்த ட்ரான்ஸிஷனிலேயே பட்டையும் போய்விடும். சில முறை போகிறது, சில முறை நிற்கிறது என்றீர்களே, அதன் ரகசியம் இதுதான். பெட்டியில் கோளாறு இல்லை.

டிஎஸ்கே இந்தக் கட்டத்தில் இல்லை. அதற்குத் தனி ஆட்டோ, தனி ரேட் (கரைய எடுக்கும் நேரம்). ரேட் 1:00 என்றால் ஒரு நொடி, புள்ளிகளுக்குப் பின்னால் வருவது பிரேம் கணக்கு. டை பட்டனை அழுத்தினால் மட்டும் அது அடுத்த ட்ரான்ஸிஷனோடு கட்டிப்போடப்படும், ப்ரிவியூவிலும் தெரியும். நேரலையில் டை எரிகிறதா என்று ஒரு கண் வைத்திருங்கள். இன்னொன்று, ஏடெம் மினியில் அப்ஸ்ட்ரீம் கீ ஒன்றுதான். ஓரத்தில் சின்னக் கட்டமாக இன்னொரு கேமராவைக் காட்டும் பிஐபி-யும் அதைத்தான் எடுத்துக்கொள்ளும், பச்சைத் திரையும் அதைத்தான் கேட்கும். பெயரை வைத்து அந்த இடத்தை அடைக்காதீர்கள்.

கருப்பு நிழல் போன கதை வேறு. கீ என்றால் எப்போதும் இரண்டு படம்: எதைக் காட்டுவது என்பது ஃபில், எங்கே காட்டுவது என்பது கீ. கீ படத்தில் வெள்ளை உள்ள இடத்தில் ஃபில் தெரியும், கருப்பில் தெரியாது, சாம்பலில் பாதி தெரியும். லூமா கீயில் ஒரே படம் இரண்டு வேலையும் செய்கிறது. வெளிச்சமான பகுதி நிற்கும், இருண்ட பகுதி அறுபடும். உங்கள் நிழல் கருப்பு, அதனால் அறுபட்டது. அறுபடும் எல்லையைச் சரிசெய்யும் கிளிப், கெயின் இரண்டையும் எவ்வளவு திருகினாலும் கருப்பைக் காப்பாற்ற முடியாது.

லீனியர் கீயில் இரண்டும் தனித்தனி. ஆல்ஃபாவுடன் பிஎன்ஜி-யை ஸ்விட்சரின் படக் கிடங்கான மீடியா பூலில் ஏற்றி, ஃபில் சோர்ஸில் மீடியா பிளேயரையும் கீ சோர்ஸில் மீடியா பிளேயர் கீயையும் கொடுங்கள். நிழல் அப்படியே வரும். எழுத்தின் விளிம்பில் அழுக்குக் கோடு போலக் கருமை படிந்தால் ப்ரீமல்டிப்ளைட் டிக்கைப் போட்டுப் பாருங்கள். விளிம்பு ஏற்கெனவே ஆல்ஃபாவால் மங்கியிருக்க, ஸ்விட்சர் இன்னொரு முறை மங்கச் செய்வதால் வருவது அது.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஒரு படம் மற்றதைத் துடைத்து வரும் வைப், படத்தைச் சுருக்கி நகர்த்தும் டிவிஇ எல்லாம் கிடைத்துவிட்டது என்று வட்ட வடிவத்தில் திறந்து மூடாதீர்கள். கெட்டிமேளம் எழும் நொடியில் தாலி கட்டும் கைக்கு ஒரு சுத்தமான கட் போதும். அந்த இடத்தில் மிக்ஸ் போட்டால் இரண்டு படமும் பாதிப் பாதி தெரிந்து அந்த நொடியே கலங்கிவிடும். ஆரத்திக்கும் ஊஞ்சலுக்கும் மிக்ஸ் அழகு. வெளிநாட்டிலிருந்து பார்க்கிற தாத்தா பாட்டிக்கு அந்தத் திரைதான் மண்டபம்.

குரோமா_கோவை:
பச்சைத் திரை பற்றி நான் சொல்கிறேன். திரையின் நிறம் எங்கே இருந்தாலும் ஸ்விட்சர் அதை அறுத்து, அங்கே வேறு படத்தைக் காட்டும். மயில் கழுத்துப் பட்டில் பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறம், பெரும்பாலும் நீலமும் பச்சையும். அசையும்போது நிறம் மாறும். பச்சைத் திரை வைத்தால் பச்சை மின்னும் மடிப்பில் ஓட்டை விழும், நீலத் திரை வைத்தால் நீல மடிப்பில் விழும். இரண்டும் வேண்டாம் என்பதே என் பதில். பின்னால் எல்இடி வால் கேளுங்கள், கீயே தேவையில்லை. அதன் முன்னால் கேமராவில் ஷட்டர் 1/50 வைத்து, கோடு ஓடுகிறதா என்று முதல் நாளே சோதித்துவிடுங்கள்.

திரைதான் வேண்டும் என்று வீட்டார் பிடிவாதமாக இருந்தால், மணப்பெண் வேறு புடவைக்கு மாறிய பிறகு அதை வைத்துக்கொள்ளுங்கள். சிவப்போ அரக்கோ என்றால் பச்சைத் திரையில் சுலபம். திரைக்குத் தனி விளக்கு, சமமாக. ஆட்களைத் திரையிலிருந்து முடிந்தவரை முன்னால் நிறுத்துங்கள், ஒட்டி நின்றால் ஜரிகையிலும் மல்லிகைப் பூவிலும் பச்சை ஏறிவிடும். அதைத்தான் ஸ்பில் என்கிறோம். திரையின் ஓரத்துக்கு வெளியே தெரியும் தூணையும் ஃபேனையும் மாஸ்க் கொடுத்து வெட்டுங்கள்.

மதுரை_ஸ்ட்ரீம்:
ஓபிஎஸ் என்ற நேரலை மென்பொருளில் செய்கிறவர்களுக்கு ஒரு வரி: ஸ்டூடியோ மோடைப் போட்டால் அதே ப்ரிவியூ, ப்ரோக்ராம் கிடைக்கும். டிஎஸ்கே மட்டும் இயல்பாகக் கிடையாது, டவுன்ஸ்ட்ரீம் கீயர் என்றே ஒரு ப்ளகின் இருக்கிறது. அது இல்லாவிட்டால் லோகோவை ஒவ்வொரு சீனிலும் வைக்க வேண்டியதுதான்.

திருவாரூர்_லைவ்:
அக்கா, டிஎஸ்கே-யில் லீனியராக மாற்றிப் பார்த்தேன், நிழல் வந்துவிட்டது. கீ 1 எரிந்துகொண்டிருந்ததும் உண்மை. இன்னும் ஒரே சந்தேகம். எங்கள் லோகோ முழு நேரமும் இருக்க வேண்டும், பெயர் மட்டும் அவ்வப்போது வர வேண்டும். டிஎஸ்கே ஒன்றுதானே இருக்கிறது?

கேலரி_அக்கா:
இரண்டு பிஎன்ஜி செய்யுங்கள் தம்பி. ஒன்றில் லோகோ மட்டும், இன்னொன்றில் அதே இடத்தில் அதே லோகோவும் பெயரும். இரண்டும் 1920 x 1080 அளவில் இருக்கட்டும், லோகோ ஒரு பிக்ஸல்கூட நகரக் கூடாது. டிஎஸ்கே-யை ஆனிலேயே விட்டு, மீடியா பிளேயரில் படத்தை மட்டும் மாற்றுங்கள். லோகோ அசையாது, பெயர் மட்டும் சட்டென்று வந்து போகும். மெதுவாகக் கரைந்து வர வேண்டும் என்றால் இந்த முறையில் லோகோவையும் சேர்த்துத்தான் கரைக்க முடியும். எனக்குச் சட்டென்று வருவதே பிடிக்கும்.