செல்லாத நோட்டும் சிறுவாட்டுப் பணமும்: உங்கள் வீட்டில் நடந்தது என்ன?

பருப்பு டின், கும்பகோணம்

500, 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்ற 2016 நவம்பர் 8 இரவு எட்டு மணி அறிவிப்பை எல்லோரும் கேட்டிருப்பீர்கள் என்பதால், நேராக எங்கள் வீட்டுக் கூடத்துக்கு வருகிறேன். அப்பா தொலைக்காட்சியின் ஒலியைக் கூட்டிக்கொண்டிருந்தார். அடுப்பை அணைத்துவிட்டு வந்த அம்மா, "ஐந்நூறு ரூபா நோட்டுமா செல்லாது?" என்று மட்டும் கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். மறுநாள் காலை துவரம் பருப்பு டின்னைக் கூடத்தில் கவிழ்த்தபோதுதான் அந்தக் கேள்வி எங்களுக்கு விளங்கியது. பருப்புக்கு அடியில், வண்டு வராமலிருக்கப் போட்ட வசம்புத் துண்டுகளுக்கு நடுவே, பிளாஸ்டிக் உறையில் 27,500 ரூபாய் இருந்தது. பால் உறைகளைக் கழுவிக் காயவைத்து எடைக்குப் போட்டது, பழைய செய்தித்தாள் விற்றது, பேருந்து நிலையத்திலிருந்து ஆட்டோ வைக்காமல் நடந்தே வந்தது என்று பல ஆண்டுகளாகச் சேர்ந்த சில்லறையை, டின்னில் இடம் அடைக்கக் கூடாதென்று மளிகைக் கடையில் கொடுத்து 500 ரூபாய் நோட்டுகளாக மாற்றி வைத்திருக்கிறார். பத்து ரூபாய்த் தாள்களாகவே விட்டிருந்தால் ஒரு ரூபாய்கூடச் செல்லாமல் போயிருக்காது.

அப்பா கோபப்படவில்லை. "என்கிட்ட ஏன் சொல்லல?" என்று கேட்டார். "சொல்லியிருந்தா நீங்க கேட்டிருப்பீங்க, கேட்டிருந்தா நான் குடுத்திருப்பேன்" என்றார் அம்மா.

அம்மாவுக்கு வங்கிக் கணக்கு இல்லாததால் அந்தப் பணம் அப்பாவின் கணக்கில் கட்டப்பட்டது. பாஸ்புக்கில் அந்த வரியை விரலால் தொட்டுக் காட்டி, "இதுல என் பேரு எங்க இருக்கு?" என்று அவர் கேட்டதற்கு எங்களில் யாருக்கும் பதில் சொல்லத் தெரியவில்லை. அடுத்த கோடையில் கிணற்று மோட்டார் பழுதானபோது பணம் முழுவதும் அதற்கே போய்விட்டது.

மேலூர் மருமகள்

எனக்கும் என் மாமியாருக்கும் அப்போது பேச்சுவார்த்தையே குறைவு. அப்படிப்பட்டவர், மூன்று மகன்கள் இருக்க, என்னைக் கொல்லைப்புறத்துக்குக் கூப்பிட்டு, நூலால் கட்டிய சிறுசிறு நோட்டுக் கட்டுகளைக் கையில் வைத்து, "பயலுகளுக்குத் தெரியவேண்டாம், மாத்திக் குடு" என்றார். ஒவ்வொரு கட்டிலும் ஒரு துண்டுச் சீட்டு செருகியிருந்தது. நான்காம் வகுப்போடு பள்ளியை விட்டவர் கோணல் எழுத்தில் எழுதியிருந்தார்: ஒன்றில் "பேத்தி சடங்கு", இன்னொன்றில் "பல்லு", கடைசியில் இருந்த பெரிய கட்டில் "என் காரியம்". மகன்களை நம்பாமலா, மகன்களுக்குச் செலவு வைக்கக் கூடாதென்றா என்று இன்றுவரை என்னால் முடிவுக்கு வர முடியவில்லை.

தொடக்கத்தில் 4,000 ரூபாய், பிறகு 4,500 ரூபாய், நவம்பர் 18 முதல் வெறும் 2,000 ரூபாய் என்று மாற்றும் வரம்பு ஏறி இறங்கியது. போதாக்குறைக்கு, ஒருவரே திரும்பத் திரும்ப வராமலிருக்க விரலில் மையும் வைத்தார்கள். என் விரலில் இருந்த மையைப் பார்த்து, "எந்தத் தேர்தலுக்கு ஓட்டுப் போட்டே?" என்று கணவர் கேட்டார். நான் உண்மையைச் சொல்லவில்லை. மாமியார் அன்றைக்கு எனக்கு மட்டும் ஒரு முட்டை கூடுதலாக வைத்தார்.

ஓய்வுபெற்ற கணக்கர்

முதலில் எழுதியவரின் தாயாரைக் குறைத்துச் சொல்வதாக எண்ண வேண்டாம். ஆனால் இங்கே எல்லோரும் கண்கலங்குவது எனக்கு உடன்பாடாக இல்லை. என் மனைவியும் புடவை மடிப்பில் 9,000 ரூபாய் வைத்திருந்தார்; வங்கியில் கட்டினோம்; முடிந்தது. 2.5 லட்சம் ரூபாய் வரை கட்டும் இல்லத்தரசிகளிடம் வருமான வரித்துறை கேள்வி கேட்காது என்று அரசு அப்போதே தெளிவுபடுத்தியிருந்தது. டின்னில் கிடக்கும் பணம் செல்லாததாக அறிவிக்கப்படாவிட்டாலும் விலைவாசி ஏறும்போதெல்லாம் தேய்ந்துகொண்டேதான் இருக்கிறது. ஆகவே இனியாவது அஞ்சலகத் தொடர் வைப்புக் கணக்கைப் பற்றி யோசியுங்கள். மாதம் 100 ரூபாய் இருந்தாலே தொடங்கலாம். ஐந்து ஆண்டுகள் கட்ட வேண்டும். 2023 அக்டோபரில் வட்டி 6.7 சதவீதமாக உயர்த்தப்பட்டது. அந்த விகிதத்தில் மாதம் 1,000 ரூபாய் கட்டினால் முடிவில் 60,000 ரூபாய் 71,300 ரூபாயைச் சற்றுத் தாண்டும். ஒரு மாதம் தவறினால் நூறு ரூபாய்க்கு ஒரு ரூபாய்தான் அபராதம். ஆனால் தொடர்ந்து நான்கு மாதங்களுக்கு மேல் விட்டுவிடக் கூடாது. பன்னிரண்டு தவணை கட்டியபின் கணக்கிலுள்ள தொகையில் பாதிவரை கடனாகவும் பெறலாம். அம்மாவின் பெயரிலேயே தொடங்குங்கள், வாரிசு நியமனத்தை மறக்காதீர்கள், பாஸ்புக்கில் ஒவ்வொரு மாதமும் பதிவு செய்து வாங்குங்கள்.

இலவம்பஞ்சு, ஈரோடு

ஐயா, அந்த பாஸ்புக்கை வீட்டில் எங்கே வைப்பது என்பதையும் சொல்லியிருக்கலாம். பருப்பு டின்னுக்குப் பாஸ்புக் கிடையாது என்பதுதான் அதன் சிறப்பே. உங்கள் மனைவி 9,000 ரூபாயை உங்களுக்குத் தெரியாமல் ஏன் வைத்திருந்தார் என்று அவரிடம் கேட்டீர்களா?

என் பாட்டி 2018இல் காலமானார். கறிவேப்பிலைக் காம்பைக்கூட ரசத்தில் போட்டுப் பயன்படுத்தியவர். கிழிந்த வேட்டியைக் கரித்துணியாக்கி, அதுவும் நைந்த பிறகே வெளியே எறிந்தவர். காரியம் முடிந்து அவருடைய தலையணையைப் பிரித்தபோது பஞ்சுக்குள்ளிருந்து 1,000 ரூபாய் நோட்டுகள் உதிர்ந்தன. 2016 டிசம்பர் 30ஆம் தேதியோடு கட்டுவதற்கான காலம் முடிந்துவிட்டது. அறிவிப்பு வந்தபோது அவர் படுக்கையில், நினைவு தப்பித் தப்பி வரும் நிலையில் இருந்தார். பத்துக்கு மேல் பழைய நோட்டு வைத்திருந்தால் 10,000 ரூபாய் அல்லது ஐந்து மடங்கு, எது அதிகமோ அது அபராதம் என்று 2017ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது என்று வழக்கறிஞரான சித்தப்பா சொன்னார். சுற்றி நின்றவர்கள் எண்ணுவதை அந்த இடத்திலேயே நிறுத்திவிட்டார்கள். அவற்றை என்ன செய்தோம் என்பதை இங்கே எழுதப் போவதில்லை.

அடுத்த ஆண்டு, 2019இல், திருப்பூர் மாவட்டத்தில் இரண்டு மூதாட்டிகள் மருத்துவத்துக்கும் இறுதிச் சடங்குக்கும் சேர்த்த 46,000 ரூபாய் பழைய நோட்டுகளாகவே இருந்த செய்தி வந்தபோது எங்கள் வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

சந்தைக்குப் போகிறவள்

இப்போதெல்லாம் சிறுவாடு எங்கே சேர்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மளிகை, பால், காய்கறி எல்லாவற்றுக்கும் கைபேசியில் பணம் போகிறது. கணவரின் கணக்கிலிருந்து போனால் ஒவ்வொரு ரூபாய்க்கும் அவருக்குக் குறுஞ்செய்தி வருகிறது. மிச்சம் பிடிக்கலாம், ஆனால் மிச்சத்தைக் கையில் எடுக்க முடியாது. 2023 செப்டம்பரிலிருந்து வரும் 1,000 ரூபாய் உரிமைத்தொகை பெண்களின் சொந்தக் கணக்குக்கே வருகிறது என்பது பெரிய மாற்றம்தான். ஆனால் அது வரும் தேதி வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

சென்ற மாதம் உழவர் சந்தையில் எனக்கு முன்னால் நின்ற பெண் 130 ரூபாய்க்குக் காய் வாங்கினார். கைபேசியில் 200 ரூபாய் போட்டார். கடைக்கார அம்மா எதுவும் கேட்காமல் 70 ரூபாயை நோட்டாக எடுத்துக் கொடுத்தார். அந்தப் பெண் அதைக் கைபேசி உறைக்குள் செருகிக்கொண்டு போய்விட்டார். "என்னம்மா இது?" என்று கேட்டேன். "காலையிலேருந்து இவங்க நாலாவது ஆளு. உங்களுக்கும் வேணுமா?" என்றார். நான் தக்காளி மட்டும் வாங்கிக்கொண்டு வந்தேன். மற்ற ஊர்ச் சந்தைகளிலும் இப்படி நடக்கிறதா என்பதைத் தெரிந்தவர்கள் எழுதுங்கள். கணக்கர் ஐயா இதற்கு வட்டி கணக்கிட வேண்டாம்.