நாட்டுப்படகு, விசைப்படகு மோதலை வர்க்க முரண்பாடு எனலாமா?

கேள்வி (நெய்தல்வாசி):
தமிழகக் கடலோரத்தில் நாட்டுப்படகு மீனவர்களுக்கும் விசைப்படகு மீனவர்களுக்கும் இடையே மூளும் மோதலைச் செய்தித்தாள்கள் வலைச்சண்டையாகவே எழுதுகின்றன. பல ஊர்களில் இரு தரப்பினரும் ஒரே சாதியினராகவும், சில வேளை உறவினராகவும் இருக்கையில், இதனை வர்க்க முரண்பாடு என்று கொள்வது பொருந்துமா?

பதில் (கரையோரன்):
பெருமளவு பொருந்தும். இறால் ஏற்றுமதி பெருகியதும் கையில் முதல் இருந்தவர்கள், கடலடியில் வலையை இழுத்துச் செல்லும் விசைப்படகுகளான இழுவைமடிப் படகுகளை வாங்கினார்கள். மற்றவர்கள் கட்டுமரத்திலும் வள்ளத்திலும் தங்கிவிட்டார்கள். 1970களில் சென்னைக் கடற்கரையில் நடந்த மோதல்களுக்குப் பிறகு வந்த 1983ஆம் ஆண்டின் கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ், கரையிலிருந்து 3 கடல் மைல் வரை விசைப்படகுகள் மீன்பிடிக்கக் கூடாது என்று விதிக்கப்பட்டது. ஆனால் இறால் மிகுதியாகக் கிடைப்பது ஆழங்குறைந்த அந்த நீரில்தான் என்பதால், எல்லையை மீறும் ஆசை அந்த விதியோடு கூடவே பிறந்தது. மீனின் செவுள் சிக்கும்படி இரவில் விரித்து வைத்த செவுள் வலையை இழுவைமடி அறுத்துச் சென்றால், ஒரு குடும்பத்தின் முதல் முழுவதும் ஒரே இரவில் போய்விடுகிறது.

பதில் (துறைமுகத்தான்):
விசைப்படகில் செல்பவர் எல்லாரையும் முதலாளி என்று எண்ணிவிடக் கூடாது. டீசல், ஐஸ், உணவுச் செலவுகளைக் கழித்த பிறகே மீன் விற்ற பணம் உரிமையாளருக்கும் தொழிலாளிக்கும் பங்கு பிரிக்கப்படுவதால், பாடு (கிடைக்கும் மீன்) குறைந்த நாளின் நட்டத்தைத் தொழிலாளியும் சுமக்கிறார். உரிமையாளரிடம் முன்பணம் வாங்கியவரோ வேறு படகுக்கு எளிதில் மாறவும் முடியாது. பாக்கு நீரிணையில் இலங்கை எல்லை தாண்டிப் பிடிபட்டால் உரிமையாளர் படகை இழப்பார், தொழிலாளி சிறைக்குப் போவார். மறுபுறம், அங்கே தமிழக இழுவைமடிகளின் வலையறுப்பால் நொந்துபோன வடஇலங்கை மீனவரும் சிறுதொழிலாளர்தான். சட்டம் தூரத்தை அளக்கிறதே தவிர, உடைமையை அளப்பதில்லை என்பதே என் கருத்து.

பதில் (வலைப்பின்னல்):
மீன் கூட்டத்தைச் சுற்றி வளைத்து அடியில் சுருக்கும் பெரிய வலையான சுருக்குமடி விவகாரம், முதலாளி, தொழிலாளி என்ற இந்தப் பிரிவினையை இன்னும் குழப்புகிறது. 2000இல் தமிழக அரசு தடை செய்த அந்த வலையைப் பல ஊர்களில் ஒரே முதலாளி வைத்திருப்பதில்லை. பலர் பங்கு போட்டு வாங்குகிறார்கள், அவர்களுள் பலர் தாமே கடலுக்கும் செல்கிறார்கள். 2023 சனவரியில் உச்ச நீதிமன்றம் 12 கடல் மைலுக்கு அப்பால், வாரத்தில் இரண்டு நாட்கள் மட்டும் என்று இடைக்கால அனுமதி அளித்தது. அது பங்குதாரர்களுக்கு ஆறுதல், செவுள் வலைக்காரர்களுக்கு அச்சம்.

இவ்விவாதத்தில் மீன் விற்கும் பெண்களை யாரும் குறிப்பிடாதது எனக்கு வியப்பளிக்கவில்லை, ஏனெனில் ஊர்ப் பஞ்சாயத்திலும் பெரும்பாலும் அவர்களுக்கு இடமில்லை. பெரிய படகுகளின் மீன் துறைமுகத்தில் மொத்த ஏலத்துக்கு வரும்போது, கூடைக்கணக்கில் வாங்கி விற்பவர்களால் பெரு வியாபாரியோடு விலை கேட்டு நிற்க முடிவதில்லை. எனவே இரு தரப்பில் எது வென்றாலும் அவர்களது முதல் கடனாகவே தொடர்கிறது.