வயிற்றில் ஒட்டிய துணுக்குக்கு ரத்தக்குழாய் எப்படி வருகிறது?

கெடிலக்கரை:
கடலூர் திருப்பாதிரிப்புலியூர், வயது 32. பள்ளிக்கூட நாளிலிருந்தே மாதம் மூன்று நாள் சுருண்டு படுக்கும் வலி. கல்யாணம் ஆனால் சரியாகிவிடும் என்றார்கள். ஆகி ஆறு வருடம் ஆகிறது. போன மாதம் பாண்டியில் லேப்ராஸ்கோப்பி (வயிற்றில் சிறு துளையிட்டுக் கேமராவால் பார்ப்பது) செய்து எண்டோமெட்ரியோசிஸ், அதாவது கருப்பையின் உள்படலம் மாதிரியான திசு கருப்பைக்கு வெளியே வளரும் நோய் என்று சொன்னார்கள். டாக்டர் வீடியோவைக் காட்டினார். வயிற்றின் உள்சுவரில் குங்குமப்பொட்டு மாதிரி சிவப்புத் திட்டுகள், அவற்றை நோக்கி நூல் நூலாக ரத்தக்குழாய்கள். பக்கத்தில் கறுப்பாகவும் வெள்ளையாகவும் சில. கருப்பையிலிருந்து தவறி வந்த துணுக்கு என்றால் காய்ந்து உதிர்ந்திருக்க வேண்டாமா? எங்கள் மாமரத்தில் புல்லுருவி பிடித்திருக்கிறது. அது மாதிரி உள்ளே வேர் விடுகிறதா? மழுப்பாமல் சொல்லுங்கள்.

முத்தியால்பேட்டை அக்கா:
தங்கச்சி, இருபது வருடமாகத் திசு பரிசோதனை லேபில் வேலை செய்கிறேன். உங்கள் புல்லுருவி பாதி சரி. புல்லுருவி தானே கிளையைத் துளைத்துக்கொண்டு போகும். இந்தத் துணுக்கோ உங்கள் உடம்பின் ரத்தக்குழாயைத் தன்னிடம் வரவழைக்கிறது.

மாதவிலக்கு ரத்தத்தில் கொஞ்சம் கருக்குழாய் வழியாகப் பின்னோக்கி வயிற்றுக்குள் போகும். அதில் வரும் துணுக்குதான் ஒட்டி வளர்கிறது என்று 1920களில் ஜான் சாம்ப்சன் என்ற அமெரிக்க மருத்துவர் சொன்னார். ஆனால் பெரும்பாலான பெண்களுக்கு ரத்தம் அப்படிப் போகிறது, சிலருக்குத்தான் துணுக்கு பிழைக்கிறது. எனக்கு இதுதான் முக்கியமான இடமாகப் படுகிறது. ஒட்டிய புதிதில் ஆக்ஸிஜன் பக்கத்துத் திசுவிலிருந்து கசிந்துதான் வரவேண்டும். துணுக்கு ஒன்றிரண்டு மில்லிமீட்டருக்கு மேல் வளர அந்தக் கசிவு போதாது. மூச்சுத் திணறும் செல்கள் வி.இ.ஜி.எஃப். என்ற, ரத்தக்குழாயை வளரத் தூண்டும் புரதத்தை வெளியே விடும். சுத்தம் செய்ய வந்த மேக்ரோபேஜ் செல்களும் அதையே சுரக்கும். பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன் இன்னும் தூண்டிவிடும். அந்தப் புரதம் பட்டதும் அருகிலுள்ள சின்ன ரத்தக்குழாயின் உள்படலச் செல்கள் உறையைக் கரைத்து, புரதம் அதிகமாக இருக்கும் பக்கம் வரிசையாக நகர்ந்து, நடுவே துவாரம் விட்டுப் புதுக் குழாயாகிவிடும். கருப்பையின் உள்படலம் மாதாமாதம் உதிர்ந்து, ரத்தக்குழாயோடு திரும்ப வளரும் திசுதானே! இடம் மாறினாலும் வித்தை மறக்கவில்லை.

நீங்கள் பார்த்த சிவப்பு, இந்த இளம் குழாய்கள் நிறைந்த திட்டு. கறுப்பில் பழைய ரத்தம் தேங்கியிருக்கும். வெள்ளை பெரும்பாலும் தழும்பாகிப்போனது. குழாயோடு சேர்ந்து நரம்பு இழைகளும் வளரும். வலி உங்கள் கற்பனை இல்லை, தங்கச்சி. எத்தனை பேர் என்ன சொல்லியிருந்தாலும்.

நெல்லித்தோப்பு வாசகி:
எனக்கும் இதே நோய்தான். புற்றுநோய்க்கு ரத்தக்குழாய் வளர்ச்சியைத் தடுக்கும் ஊசி இருக்கிறதே, அதை ஏன் நமக்குப் போடுவதில்லை அக்கா?

முத்தியால்பேட்டை அக்கா:
நல்ல கேள்வி. முட்டை முதிரவும், கருப்பை உள்படலம் வளரவும், நஞ்சுக்கொடி உருவாகவும் அதே வி.இ.ஜி.எஃப். வேண்டும். இங்கே அடைத்தால் அங்கேயும் அடைபடும். குழந்தைக்காகக் காத்திருக்கும் பெண்ணுக்கு அதை எப்படிக் கொடுப்பது? அதனால்தான் டையனோஜெஸ்ட் மாதிரி ஹார்மோன் மாத்திரையால் ஈஸ்ட்ரோஜனைக் குறைத்து, திட்டை அடக்கி வைக்கிறார்கள். அதைச் சாப்பிடும்போதும் பொதுவாகக் கரு தங்காது, ஆனால் நிறுத்தினால் மாதவிலக்கு திரும்பிவிடும்.

கெடிலக்கரை:
அக்கா, இரண்டு முறை படித்துவிட்டு என் வீட்டுக்காரருக்கும் படித்துக் காட்டினேன். வீடியோவைத் திரும்பப் போடச் சொல்லி அந்த நூல்களை அவரே விரலால் தொட்டுப் பார்த்தார். திங்கட்கிழமை ரிவ்யூ. சிவப்பையெல்லாம் எடுத்தாகிவிட்டதா, குழந்தைக்கு முயற்சி செய்யலாமா, மாத்திரை முதலிலா என்று கேட்கப் போகிறேன்.

முத்தியால்பேட்டை அக்கா:
சரி. அப்புறம் பயாப்ஸி ரிப்போர்ட்டுக்கும் வீடியோவுக்கும் ஒரு நகல் வாங்கிக்கொள்ளுங்கள். பிறகு எந்த டாக்டரிடம் போனாலும் கேட்பார்கள்.