புதுப்பிப்பு: ‘த லாஸ்ட் ஹவுஸ் ஆன் த லெஃப்ட்’ மறுபடி பார்த்தாச்சு

இயக்குநர் வெஸ் கிரேவனின் இந்த 1972 திகில் படம் ஏமாற்றிவிட்டது என்று முன்பு எழுதியிருந்தேன். ‘ஒரு லட்சம் டாலருக்கும் குறைவான பட்ஜெட், வேறென்ன எதிர்பார்க்கிறீர்கள்?’ என்று சிலர் கேட்டீர்கள். சரி, மறுபடி பார்த்தேன். பணம் காரணமே இல்லை. காட்டில் இரண்டு பெண்கள் சித்திரவதைப்படும்போது நெஞ்சு பதறுகிறது. அடுத்த காட்சியிலேயே, பெட்ரோல் தீர்ந்துபோன ஷெரீஃபும் (உள்ளூர் போலீஸ் தலைவர்) உதவியாளரும் கோழி லாரியின் மேல் ஏறித் தடுமாறும் காமெடி! துள்ளல் பாட்டு வேறு. அந்தப் பெண்களின் வலிக்கு இது அவமரியாதை.

இதற்கு மூலமான, ஸ்வீடன் இயக்குநர் இங்மர் பெர்க்மனின் ‘த வர்ஜின் ஸ்பிரிங்’ (1960) பாருங்கள். பழிவாங்கும் முன், கொல்லப்பட்ட பெண்ணின் அப்பா ஓர் இளம் மரத்தைத் தனியாளாகப் போராடிச் சாய்க்கிறார், வசனமே இல்லாமல். அந்தக் கோபத்தை நம்ப முடிகிறது. அடுத்து ‘த லாஸ்ட் ஹவுஸ்...’ படத்தின் 2009 ரீமேக் பார்க்கப் போகிறேன்.